செம்புத் தோல்

ஜூன் 3

கல்லூரி திறந்த முதல் நாளே முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். புதிய கணினிக்கூடத்துக்கு ஒயர் வாங்கும் குழுவில் என்னை வெளித்துறை உறுப்பினர் ஆக்கியிருக்கிறார்களாம். எந்தத் துறைக்கு எதை வாங்கினாலும் வேறொரு துறைக்காரர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கல்லூரி வழக்கம். வேதியியல்காரிக்கும் நெட்வொர்க் ஒயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"நீங்கதான் எதையும் நம்ப மாட்டீங்களே. அதுதான் வேணும்," என்றார் முதல்வர். அந்த அம்மா இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

கணினியில் எழுதும் அரசுப் பணித் தேர்வுகளுக்கு எங்கள் கல்லூரியை மையமாக்கப் போகிறார்கள். போன வருடம் எங்கள் பாளையங்கோட்டைப் பெண்பிள்ளைகளுக்கு மதுரையிலும் கோவையிலும் இடம் போட்டார்கள். அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப மாட்டோம் என்று பாதி வீடுகளில் சொல்லிவிட்டார்கள். என்னிடம் படித்த இசக்கியம்மாள் ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து, "நீங்களே வச்சிக்கோங்க மேம். வீட்ல கெடந்தா அழுகையா வருது," என்று கொடுத்துவிட்டுப் போனாள். அது இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

மாதக் கடைசிக்குள் ஒத்திகைத் தேர்வு நடக்கும். அதில் தடங்கல் வந்தால் மையம் கிடையாது.

கணினித்துறைத் தலைவி வடிவு. அதனால் எனக்குப் பெரிய வேலை இருக்காது.

ஜூன் 5

மதியம் வடிவு என் அறைக்கு வந்து சாப்பிட்டாள். எப்போதும்போலத்தான். எம்.எஸ்சி. படித்தபோது விடுதியில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த கட்டில். அவள் கணினி, நான் வேதியியல். பிறகு ஒரே கல்லூரியில் வேலை. அவளுக்குக் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனக்கு வீட்டில் யாரும் இல்லை என்பதால் பொரியல் நான் கொண்டுவருவது. குழம்பு அவள் கொண்டுவருவது. அவளுக்கு ரத்த அழுத்தம் வந்ததிலிருந்து உப்பைக் குறைத்தே சமைக்கிறேன். பழகிவிட்டது.

"ஏட்டி அரசி, ஒயரைப் பத்தி ஒண்ணும் தெரியாமக் குழுவுல ஒக்காராத. இங்க பாரு," என்று ஒரு துண்டு ஒயரை உரித்தாள். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி. ஏன் முறுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"பக்கத்துல கரண்ட் ஒயரு, ஃபேன் மோட்டாரு, எல்லாம் சத்தம் போடும்லா? முறுக்கி இருந்தா அந்தச் சத்தம் ரெண்டு கம்பியிலயும் ஒரே மாதிரி விழும். செய்தி மட்டும் ஒண்ணுல நேரா, ஒண்ணுல தலைகீழா போவும். அந்தப் பக்கம் ஒண்ணுலேருந்து ஒண்ணைக் கழிச்சா சத்தம் போயிரும், செய்தி நிக்கும்."

"கழிக்கிறது சரியா இருக்கும்னு என்ன நிச்சயம்?"

"ஆரம்பிச்சிட்டாடா சந்தேகக்காரி," என்று தலையில் தட்டினாள்.

அவள் பாடம் எடுத்தால் யாருக்கும் புரியும். கேட் சிக்ஸ் என்ற வகையைத்தான் வாங்க வேண்டும் என்கிறாள். முறுக்கு நெருக்கமாக இருக்கும். நான்கு ஜோடிகளுக்கும் நடுவில் சிலுவை போல ஒரு பிளாஸ்டிக் தடுப்பு ஓடும். முக்கியமான விஷயம், கம்பி முழுக்கச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசியும் விற்கிறார்களாம். பார்த்தால் தெரியாதாம். தேர்வுக்கூடத்தின் கேமராக்களுக்கு மின்சாரமும் இதே ஒயரில்தான் போகும். அலுமினியமாக இருந்தால் சூடாகும் என்றாள்.

ஜூன் 9

மூன்று ஒப்பந்ததாரர்களிடமிருந்து மாதிரிகள் வந்தன. மூன்றிலும் உறைமேல் 'சுத்தச் செம்பு' என்று அச்சடித்திருக்கிறது. அச்சடிப்பதற்கு என்ன.

மூன்றாவது மாதிரி ரத்தினபாண்டியுடையது. அவர் எங்கள் கல்லூரிச் செயலரின் தங்கை மருமகன். "மேடம், நீங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்," என்றார். கண்ணைத் திறந்துகொண்டே வாங்குகிறேன் என்றேன். வடிவு இருமினாள். அவள் சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் இருமுவாள்.

ஜூன் 10

மூன்று மாதிரிகளிலும் ஒவ்வொரு துண்டு வெட்டினேன். சரியான வெட்டுக்கருவி இல்லை. ஆய்வகத்தின் மொக்கைக் கத்தரிக்கோல்தான். ஒயர் முனைகள் கோணலாக நசுங்கிவிட்டன.

காஸ்டிக் சோடாக் கரைசல் அலுமினியத்தைத் தின்னும், செம்பைத் தொடாது. கம்பிகளைச் சுரண்டிவிட்டு மூன்று சோதனைக் குழாய்களில் போட்டு லேசாகச் சூடாக்கினேன். முதல் குழாயில் குமிழிகள் பொங்கி வந்தன. இரண்டாவதிலும் அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்ததெல்லாம் கரைந்து, மேலே பூசிய செம்பு மட்டும் மெல்லிய குழல்களாக மிதந்தது. இடுக்கியால் தொட்டதும் நொறுங்கியது.

மூன்றாவதில் ஒரு குமிழிகூட இல்லை. கம்பி கம்பியாகவே கிடந்தது. ரத்தினபாண்டியைப் பற்றி நான் நினைத்தது தப்பு. குறித்துவைக்கிறேன்.

வடிவை அழைத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "சரி, அப்ப ரத்தினபாண்டிதான்," என்றாள். நான் சொல்லும்வரை குழாய்களைக் கழுவ வேண்டாம் என்று ஆய்வக உதவியாளர் செல்லத்தாயியிடம் சொல்லி வைத்தேன். என் வழக்கம் அது. மறுபடி பார்க்காமல் எதையும் கொட்டுவதில்லை.

ஜூன் 12

தேர்ந்தெடுத்த மாதிரியைத் துணிப்பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, குழுவினர் கையெழுத்திட்ட அட்டையைக் கட்டி அலமாரியில் பூட்ட வேண்டும். பின்னால் தகராறு வந்தால் வந்த சரக்கை அதோடு ஒப்பிடுவார்கள். இன்று முத்திரை வைப்பதாக இருந்தது. முதல்வர் கூட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு நாளை மதுரையில் விடைத்தாள் திருத்தும் முகாம்.

"அட்டையில கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு. நான் கட்டி முத்திரை வச்சிருதேன்," என்றாள் வடிவு. போட்டுக் கொடுத்தேன். செய்முறை நோட்டுகளில் நாளெல்லாம் கையெழுத்துப் போடும் கை.

"எத்தன நாளுட்டி முகாம்?" என்று கேட்டாள். ஒரு வாரம் என்றேன். பஸ்ஸுக்கு முறுக்குப் பொட்டலம் கொடுத்தனுப்பினாள். அதிலும் உப்பு இல்லை.

ஜூன் 16

மதுரை. விடைத்தாள்கள். வெயில். சாப்பாடு சகிக்கவில்லை.

ஜூன் 20

ஊர் திரும்பியாயிற்று. கணினிக்கூடத்தில் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. மேற்கூரைத் தட்டிகளைக் கழற்றி, ஒயர்களைக் கட்டுக்கட்டாக மேலே ஓடவிட்டிருக்கிறார்கள். ஓர் ஆள் தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு ஒயர்ப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சீட்டியடித்தபடி மாடியேறினான். நல்ல பலசாலி.

வடிவு சாப்பிட வரவில்லை. செயலர் கூப்பிட்டிருக்கிறாராம். அடுத்த முதல்வர் யார் என்ற பேச்சு ஓடுகிறது. இரண்டே பேர்தான் அந்த வரிசையில் இருக்கிறோம், அவளும் நானும். எனக்கு வேண்டாம் என்று போன வருடமே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

ஜூன் 23

இன்றும் வரவில்லை. பொரியலைச் செல்லத்தாயி சாப்பிட்டாள். "என்ன மேடம், உப்பு போட மறந்துட்டீங்களா?" என்றாள்.

ஜூன் 25

ஒத்திகைத் தேர்வு. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கடைசி வரிசைக் கணினிகள் நின்றன. அப்புறம் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. தேர்வு நடத்தும் நிறுவனத்துக்காரர் எழுந்து நின்று மேலே முகர்ந்து பார்த்தார். பிளாஸ்டிக் கருகும் நெடி. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தட்டியைக் கழற்றினார்கள். ஒயர்க்கட்டு ஓர் இடத்தில் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது.

உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அதையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

நிறுவனத்துக்காரர் இன்னொரு ஒத்திகைக்குப் பத்து நாள் அவகாசம் கொடுத்தார். அதுவே முதல்வர் கெஞ்சியதால்.

உருகாத பகுதியிலிருந்து ஒரு துண்டு வெட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். கரைசலில் போட்டதும் பொங்கியது. மாதிரிக்கு நல்ல ஒயரைக் காட்டிவிட்டு அலுமினியத்தை இறக்கியிருக்கிறார் ரத்தினபாண்டி. முத்திரை வைத்த மாதிரியை எல்லோர் முன்னாலும் திறக்க வேண்டும் என்று முதல்வரிடம் எழுதிக் கொடுத்தேன்.

வடிவு பின்னாலேயே வந்தாள். "எதுக்குட்டி அதெல்லாம்? ஆளைக் கூப்புட்டு மாத்தச் சொன்னா மாத்திட்டுப் போறாரு. நான் பேசுதேன்."

"பேசுறதுக்கு என்ன இருக்கு? மாதிரியைத் திறந்தா அவராலே வாயே திறக்க முடியாது."

"நீ பிடிச்சா விட மாட்ட," என்றாள். முகம் வெளுத்திருந்தது. மாத்திரை போட்டாயா என்று கேட்டேன்.

ஜூன் 26

என்ன நடந்தது என்பதை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

செயலர், முதல்வர், வடிவு, நான், ரத்தினபாண்டி. அரக்கு உடையாமல் இருந்தது. முதல்வரே உடைத்தார். ஒயரை வெளியே எடுத்தார்கள். இரண்டு முனைகளும் நேராக, அழகாக வெட்டப்பட்டிருந்தன. நான் துண்டு வெட்டி, கம்பியைச் சுரண்டி, கண்ணாடிக் குவளையில் சூடான கரைசலில் போட்டேன்.

பொங்கியது.

நான் அந்தக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காபி வந்தது. யாரும் எடுக்கவில்லை. கம்பி உள்ளே கரைந்து கரைந்து கடைசியில் செம்புத் தோல் மட்டும் நின்றது.

"அப்ப நான் கொடுத்ததும் இதுதான், போட்டதும் இதுதான்," என்றார் ரத்தினபாண்டி. "மேடம் பாத்து ஓகே பண்ணது. இப்ப என்னையச் சொன்னா எப்படி?"

செயலர் அட்டையை என் பக்கம் நகர்த்தினார். "மேடம், இது ஒங்க கையெழுத்துத்தானே?"

"ஆமா."

"சோதிச்சுப் பாத்துட்டுத்தானே போட்டிருப்பீங்க?"

வடிவு பேசுவாள் என்று காத்திருந்தேன். குழாயில் குனிந்து பார்த்தவள் அவள். செம்பு என்று அவளுக்குத் தெரியும்.

"அவங்கதான் சோதிச்சாங்க," என்றாள் வடிவு, மேசையைப் பார்த்துக்கொண்டு. "எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது சார்."

'அவங்க' என்றாள்.

மாலை

மூன்றாவது குழாயில் போட்டது வேறு துண்டாக இருக்கலாம். நான் மாற்றிப் போட்டிருக்கலாம். கரைசல் பழசாகி வலுவிழந்திருக்கலாம். ஆனால் பக்கத்துக் குழாய்களில் அதே கரைசல்தான் பொங்கியது. அப்படியானால் கண் தப்பா. இந்த வயதில் கண் தப்புவது உண்டு. எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். ஒன்றைத் தவிர.

ஜூன் 27

காலையில் போனதும் செல்லத்தாயியிடம் குழாய்களைக் கேட்டேன். "நீங்க இன்னும் கழுவச் சொல்லலியே," என்று ஜன்னலோரத்துத் தாங்கியைக் காட்டினாள். மூன்றும் என் கையெழுத்துச் சீட்டுகளோடு இருந்தன. மூன்றாவதில் கம்பி கம்பியாகவே கிடக்கிறது. நிறம் கொஞ்சம் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் நான் உரித்துப் போட்ட உறை. ஒரு முனை கோணலாக நசுங்கியிருக்கிறது.

நேற்றைய மாதிரியின் இரண்டு முனைகளும் நேராக இருந்தன. நேற்றைக்கு முன் என் கத்தரிக்கோல் அதைத் தொட்டதே இல்லை. பைக்குள் போன ஒயர் வேறு. பையைக் கட்டியது வடிவு.

அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். குழாயை மேசைமேல் வைத்தேன். அவள் பார்த்தாள். மறுக்கவில்லை. மறுப்பாள் என்று நினைத்துப் பதில்கள் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"செயலர் ஐயா சொன்னாரு," என்றாள். "இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்குட்டி எனக்கு. இவரு கையெழுத்து இல்லாம நான் முதல்வரா வர முடியுமா? இந்த ஊர்ல பாதி ஆபீஸுல இந்த ஒயருதான் ஓடுது. ஒண்ணும் ஆகாதுன்னுதான் நெனச்சேன்."

"கேமராவுக்குக் கரண்ட் போகும், சூடாகும்னு நீதானே சொன்ன."

"சொன்னேன்."

"பிள்ளைங்க உள்ள இருந்தாங்க வடிவு."

"தெரியும்." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "நீ ஒண்ணும் சொல்லாத. பழைய சரக்கு தப்பா வந்துட்டுன்னு எழுதிருவாங்க. ஒன் பேரும் கெடாது."

"என் பேரு எப்படி இதுல வந்துச்சு? எத்தனையோ துறை இருக்கு. என்னை எதுக்குப் போட்டாங்க?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நாந்தான் ஒன் பேரைச் சொன்னேன். நீ பாத்துக் கையெழுத்துப் போட்டதுன்னா யாரும் ரெண்டாவது தடவை பாக்க மாட்டாங்க."

"நான் பாக்காமப் போடுவேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கிட்ட நீ எதைப் பாத்துட்டுப் போட்ட, அரசி?"

குழாயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 28

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 29

ஞாயிறு. வீட்டைக் கழுவிவிட்டேன். துணி துவைத்தேன். வடிவு மூன்று முறை அழைத்தாள். எடுக்கவில்லை. நான்காவது முறை அழைப்பாள் என்று போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 30

முதல்வரின் கடைசி நாள். மறுபடியும் குழு கூடியது. நான் மூன்றாவது குழாயையும் நசுங்கிய உறையையும் மேசையில் வைத்தேன். சோதித்த ஒயர் இது, பைக்குள் இருந்த ஒயர் அது, இரண்டும் வேறு என்று முனைகளைக் காட்டினேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: மாதிரியைப் பையில் போடும் முன்பே, வெறும் அட்டையில் கையெழுத்துப் போட்டு வடிவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். போட்டது என் தப்பு. மாற்றியது நான் இல்லை.

அவள் பெயரைச் சொல்லும்போது அவளைப் பார்த்தேன். பார்க்காமல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செயலர் எழுத்தரிடம் திரும்பினார். "பொருளைப் பாக்காமலே கையெழுத்துப் போட்டதா மேடம் ஒத்துக்கிட்டாங்க. எழுதிக்கோ."

"மத்தது?" என்றேன்.

"மத்ததுக்கு என்ன மேடம் சாட்சி?"

இவ்வளவு நாள் சிரித்துக்கொண்டிருந்த முதல்வர் அப்போது சிரிக்கவில்லை. "சாட்சி எனக்கு வேண்டாம் சார். இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் நான்தான் முதல்வர். ஒயரை முழுசா மாத்தணும்னு ரத்தினபாண்டி இப்பவே எழுதிக் கொடுக்கணும். வர்ற ஒவ்வொரு பெட்டியிலயும் அரசி துண்டு வெட்டிப் பாக்கணும். இல்லேன்னா இந்தக் குழாயையும் ஒயரையும் நானே தேர்வு நிறுவனத்துக்காரங்ககிட்ட எடுத்துட்டுப் போறேன். ரிட்டயர் ஆன பொம்பளைக்கு வேற வேலை என்ன?"

ரத்தினபாண்டி செயலரைப் பார்த்தார். செயலர் ஜன்னலைப் பார்த்தார். ரத்தினபாண்டி எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 2

வடிவு முதல்வர் பொறுப்பு ஏற்றாள். கைதட்டினார்கள். நான் ஆய்வகத்தில் ஒயர் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் பருப்பைப் போட்டு ரசம் வைப்பாங்க, இந்த மேடம் ஒயரைப் போட்டு வைக்காங்க," என்று ரத்தினபாண்டியின் ஆட்கள் சிரித்தார்கள். பெட்டிகளை இந்த முறை ஒவ்வொன்றாகத்தான் தூக்கிவந்தார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு. ஒரு குமிழி இல்லை.

ஜூலை 4

இரண்டாவது ஒத்திகை. எதுவும் நிற்கவில்லை. முடிந்த பிறகு நாற்காலிமேல் ஏறி ஒயர்க்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. கீழே இறங்கும்போது கூடத்தின் வாசலில் வடிவு நின்றுகொண்டிருந்தாள். அவளும் அதைத் தொட்டுப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று தோன்றியது. என்னைக் கண்டதும் திரும்பினாள். போய்விட்டாள்.

ஜூலை 13

தேர்வு. வாசலில் ஆட்டோக்களும் அப்பாக்களும். இசக்கியம்மாள் அவள் அப்பாவின் சைக்கிளில் வந்து இறங்கினாள். பழைய ஹால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். "அது எதுக்கு மேம், கிழிச்சிப் போடுங்க," என்று சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

ஜூலை 15

எனக்கு மெமோ வந்திருக்கிறது. 'பொருளைப் பார்வையிடாமல் மாதிரி அட்டையில் கையொப்பமிட்டது குறித்து விளக்கம் தர வேண்டும்.' கீழே பொறுப்பு முதல்வரின் கையெழுத்து, சண்முகவடிவு என்று முழுதாக. விடுதியில் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து புத்தகங்களில் பெயர் எழுதிய அதே கையெழுத்து.

படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டிருப்பாள்.

விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். குற்றச்சாட்டு உண்மை என்று ஒரே வரி.

ஜூலை 16

காலையில் பீன்ஸ் பொரியல் வைத்தேன். பாத்திரத்தை இறக்கிய பிறகுதான் நினைவு வந்தது, இனிமேல் உப்பைக் குறைக்க வேண்டியதில்லை என்று. எல்லா வீடுகளிலும் போடுகிற அளவுக்குப் போட்டுக் கிளறினேன்.

மதியம் தனியாகச் சாப்பிட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. கரித்தது.